ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் குட்டி டிரெய்லர்: இழுத்தவர்கள் சொல்லுங்கள்

நாலு_டயர்:

ரெண்டு சீட் வண்டி என்னுடையது. டிராக்கில் ஓட்டப் போகிற நாளில் ரேஸ் டயர் நாலு, ஜாக், டார்க் ரெஞ்ச், டூல் பெட்டி, ஹெல்மெட் எல்லாம் கூடவே வரவேண்டும். டிக்கியில் ஒரு பை வைத்தாலே மூடி பல்லைக் காட்டுகிறது. பக்கத்து சீட்டில் ஒரு டயரை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடலாம், மீதி மூணை என்ன செய்வது? சின்ன டிரெய்லர் மாட்டலாமா என்று யோசனை. இந்த மாதிரிக் காரில் உண்மையிலேயே இழுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். "வேன் வாங்கு" என்கிற யோசனையை வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

கூரைதிறந்தவன்:

மாஸ்டாவின் ரெண்டு சீட் வண்டியான எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். இந்தக் கார்க்காரர்கள் டயர் டிரெய்லர் இழுப்பது ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். ஹிட்ச், அதாவது டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் வைக்கிற இணைப்பு, வெளியே தயாரித்து விற்கிறார்கள். பின்பக்க பம்பர் தோலுக்கு உள்ளே இருக்கிற சேசிஸில் போல்ட் போட்டு முடுக்குவது அது. வெறும் பம்பரில் மாட்டுகிற எதையும் வாங்காதீர்கள்.

முதலில் எடைக் கணக்கு. ரிம்மோடு ஒரு டயர் 16, 17 கிலோ வரும், நாலும் சேர்ந்து 70 கிலோ பக்கம். ஜாக், டூல் எல்லாம் 40 கிலோ. டிரெய்லர் தன் எடையே 120, 130 இருக்கும். ஆக 250 கிலோவுக்குள் அடங்கிவிடும். இவ்வளவை இழுக்க இஞ்சின் அலட்டிக்கொள்ளவே செய்யாது. பிரேக்கும் இந்தக் கார்களில் வண்டி எடைக்குத் தாராளமாகவே இருக்கும். இன்னொரு நல்ல விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பின்சக்கரத்துக்கும் ஹிட்சுக்கும் நடுவே தூரம் ரொம்பக் குறைவு. அந்தத் தூரம் குறையக் குறைய டிரெய்லர் பக்கவாட்டில் ஆட்டுகிற ஆட்டம் காரைத் தொடுவது குறையும். பக்கச்சுவர் விறைப்பான டயர், கெட்டியான சஸ்பென்ஷன் எல்லாம் நம் பக்கம்தான்.

கவனிக்க வேண்டியது மூக்குப் பாரம். அதாவது டிரெய்லரின் முன்முனை ஹிட்சை எவ்வளவு அழுத்துகிறது என்பது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வைத்துக்கொள்கிறேன். அளப்பது சுலபம். வீட்டில் எடை பார்க்கிற மெஷினைத் தரையில் வைத்து, ஹிட்ச் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அதன் மேல் நிறுத்தி, டிரெய்லர் மூக்கை அதில் உட்கார வையுங்கள். சாமான்களை முதலில் கைக்கு வந்தபடி ஏற்றிவிட்டுப் பார்த்தேன், முள் 8 கிலோவில் நின்றது. பின்கதவோரம் கிடந்த ஜாக்கைத் தூக்கி முன்னால் வைத்தேன், வேறு எதையும் தொடவில்லை. 24. அப்போதிலிருந்து ஜாக்குக்கு முன்பக்கம் ஒரு மூலை நிரந்தரம், டயர்கள் ஆக்சிலுக்கு மேலே படுக்கையாக.

அதிகமாக வைத்தாலும் கெடுதல். ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள காரில் பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

ஹேர்பின்:

ஓட்டுவதை விட, நிறுத்தினால்தான் வேலை அதிகம். பெட்ரோல் போடுகிற இடத்தில் இறங்கினால் யாராவது ஒருவர் நிச்சயம் வருவார். "இதுல இழுக்குமா சார்?" இழுத்துக்கொண்டுதான் வந்து நிற்கிறேன், இருந்தாலும் கேட்பார். ஒருவர் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "டயர் வாங்கக் காசிருக்கு, வேன் வாங்க இல்லையா?" என்றார். இன்னொரு முறை ஒரு சின்னப் பையன், "அப்பா, அந்தக் கார் குட்டி போட்டிருக்கு!" என்று கத்தினான். கார் சிவப்பு, டிரெய்லரும் அதே சிவப்பு. நானே சாயம் அடித்தது. அன்றைக்குத்தான் அந்த வேலைக்குச் சரியான பாராட்டு கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிவர்ஸ். குட்டி டிரெய்லர் என்றால் எளிதாக இருக்கும் என்று நினைப்பார்கள், நேர்மாறு. ஹிட்சிலிருந்து டிரெய்லர் சக்கரம் வரை நீளம் குறைவு. அதனால் ஸ்டியரிங்கை இம்மி திருப்பினாலும் சடாரென்று மடங்கி பம்பரை முட்ட வரும். நீளமான டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், யோசிக்க நேரம் கொடுக்கும். இது கொடுக்காது. போதாக்குறைக்கு, அது அவ்வளவு தாழ்வு, நேராக இருக்கும்போது கண்ணாடியில் தெரியவே தெரியாது. தெரிகிற நேரத்தில் மடங்கி முடிந்திருக்கும். பின் இரண்டு மூலையிலும் மெல்லிய கம்பு நட்டு நுனியில் கலர் துணி கட்டியிருக்கிறேன். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கை வைத்துக்கொண்டால், டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழ்.

ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதென்றால் நான் அந்த வழிக்கே போவதில்லை. இந்தக் கார்களில் ரிவர்ஸ் கியர் ஊர்ந்து போவதற்கென்று அமைந்ததில்லை, கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். கருகல் வாடை வந்துவிடும். சமதளமான இடத்தில் கழற்றி, மூக்கைப் பிடித்துக் கையால் தள்ளிவிடுவேன். அங்கே 250 கிலோ ஒரு ஆள் தள்ளுகிற பாரம்தான்.

வி8_விசுவாசி:

எல்லாரும் உற்சாகப்படுத்துகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் வைத்திருக்கிறேன். இந்தக் கார் டிரெய்லர் இழுக்க வடிவமைத்ததல்ல என்று கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எம்எக்ஸ்-5 கையேட்டிலும் கிட்டத்தட்ட இதே வாசகத்தைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ வரை, அதுவும் இழுக்கிற வண்டி எடையில் பாதிக்கு மேல் போகாமல், என்று விதி உண்டு. ஆனால் அதெல்லாம் தயாரிப்பாளர் இழுவை எடை கொடுத்த வண்டிக்கு. கொடுக்காத வண்டியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும்? எழுத்தில் பதில் வாங்கிவிட்டு ஹிட்ச் வாங்குங்கள்.

ஒரு இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் போய்க்கொண்டிருந்தது, பின்னால் டிரெய்லர், சாமான் முழுக்கப் பின்பக்கம் குவித்திருந்தார்கள். முதலில் டிரெய்லர் லேசாக இடது, வலது என்று அசைந்தது. நாலாவது அசைவில் காரின் பின்பகுதியும் சேர்ந்து அசைய ஆரம்பித்தது. ஓட்டினவர் ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார், அது ஒவ்வொரு தடவையும் அரை நொடி தாமதமாகப் போய் ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டியரிங் அவ்வளவு கூர்மை, லாரியில் மன்னிக்கிற திருத்தத்தை இது மன்னிக்காது. கடைசியில் அவர் காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விட்டார். வேகம் குறைந்ததும் தானாக அடங்கியது. ஆட ஆரம்பித்தால் செய்யவேண்டியது அதுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுப்பது, பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராக வைத்திருப்பது. வேகம் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

கூரைதிறந்தவன்:

கையேடு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அதில் எனக்கு வாதம் இல்லை. நான் இன்சூரன்ஸில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் மாட்டினேன். ஆனால் நீங்கள் பார்த்தது ஸ்போர்ட்ஸ் காரின் குற்றமில்லை, பாரம் ஏற்றினவரின் குற்றம். அதே டிரெய்லரை அப்படியே ஜீப்பில் மாட்டியிருந்தாலும் ஆடியிருக்கும்.

பியூஸ்_போச்சு:

லைட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. புதுக் காராக இருந்தால் டிரெய்லர் லைட் ஒயரைப் பின்விளக்கு ஒயரில் நேராக முறுக்கிவிடாதீர்கள். பல்பு எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும், ஏதோ கோளாறு என்று மீட்டரில் எச்சரிக்கை வரும், சில வண்டியில் அந்த விளக்கையே அணைத்துவிடும். பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் எடுத்து, பின்விளக்கிலிருந்து சைகை மட்டும் வாங்குகிற மாட்யூல் கிடைக்கும், அதைப் போடுங்கள். அப்புறம், ரிவர்ஸ் சென்சார் டிரெய்லரைச் சுவர் என்றே நினைத்து அலறிக்கொண்டிருக்கும். தானாக பிரேக் பிடிக்கிற வசதி இருந்தால் ரிவர்ஸுக்கு முன் அதை அணைக்கவேண்டும்.

சைலன்சர் நடுவில் இருக்கிற கார்க்காரர்களுக்கு ஒன்று. என் நண்பன் காரில் ஹிட்சுக்கு நேர் மேலே சைலன்சர் வாய். புகை நேராக டிரெய்லர் முகத்தில் அடித்து, டார்ப்பாய் முன்பக்கம் கரி பிடித்து இளகிக் கிடந்தது. ஒரு தகரத்தை வளைத்து முன்னால் அடித்த பிறகு சரியாயிற்று.

கிரீஸ்கை:

நாலு_டயர், டிரெய்லர் வாங்கும்போது 8 இஞ்ச் சக்கரத்தைத் தொடாதீர்கள், 12 இஞ்ச் எடுங்கள். 8 இஞ்ச் ரிம்மில் வருகிற டயர் உங்கள் கார் டயரைப் போல ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழலும். பேரிங் சூடு அங்கேதான் வருகிறது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கையை வைக்க முடியவில்லை என்றால் கிரீஸ் காலி அல்லது இறுக்கம் அதிகம். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கிற உச்ச வேகத்தையும் பாருங்கள், இந்தச் சின்ன டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் எல்லை. கார் அந்த வேகத்தை மூன்றாவது கியரிலேயே தாண்டிவிடும்.

ஹிட்ச் பந்து அளவும் முக்கியம். அந்தப் பந்தைக் கவ்விப் பிடிக்கிற, டிரெய்லர் மூக்கில் இருக்கிற பாகம்தான் கப்ளிங். 50 மி.மீ. கப்ளிங்கை 47.6 மி.மீ. பந்தில் மாட்டினால் பூட்டின மாதிரியே இருக்கும், மேட்டில் குதித்தால் கழன்று வரும். பூட்டிய பிறகு மூக்கைக் கையால் மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். காரையும் டிரெய்லரையும் இணைக்கிற பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள்.

டிரெய்லருக்கு ஸ்டெப்னி மறக்காதீர்கள். காரிலும் இருக்காது, பஞ்சர் பசை டப்பாதான் கொடுத்திருப்பார்கள். நாலு டயரைச் சுமந்துகொண்டு போய், டிரெய்லர் டயர் பஞ்சராகி, எதுவுமே பொருந்தாமல் ரோட்டோரம் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாலு_டயர்:

எல்லாருக்கும் நன்றி. 12 இஞ்ச், தனி மாட்யூல், முதலில் இன்சூரன்ஸுக்குக் கடிதம். கடைசியாக ஒன்று: இரவு தங்க வேண்டி வந்தால் டயரை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

ஹேர்பின்:

கனமான சங்கிலி ஒன்றை நாலு ரிம் வழியாகவும் விட்டு, டிரெய்லர் சட்டத்தைச் சுற்றி ஒரே பூட்டு. டிரெய்லரையே உருட்டிக்கொண்டு போகாமல் இருக்க கப்ளிங்குக்குத் தனிப் பூட்டு கிடைக்கும். அதோடு மூக்கு சுவரைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, குறுக்கே காரைப் போட்டுவிடுவேன்.