இவருக்குப் பதில் இவர்

குழு: பாளையங்கோட்டை வீடு 🏡
ஞாயிறு, 1 ஜூன் 2025

[காலை 5:48] மணி மாமா: இனிய ஞாயிறு காலை வணக்கம் 🌹🙏

[6:02] நிலா: பில்லி பைப்பர்!!!! டாக்டர் பில்லி பைப்பரா மாறிட்டாரு 😱😱😱

[6:03] கார்த்தி: நிலாஆஆஆ. நான் இன்னும் பாக்கல

[6:03] நிலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6:04] கார்த்தி: படிச்சாச்சு. இனி அழிச்சா என்ன, அழிக்காட்டா என்ன

[6:04] நிலா: சாரி அண்ணா சாரி. இங்க ராத்திரி ஒண்ணரை மணி. தூக்கம் வரல. ஃபிரெண்ட்ஸ் குரூப்புன்னு நினைச்சு இதுல போட்டுட்டேன்

[6:11] பிரேமா அத்தை: என்னல இது, விடியும் முன்னே டாக்டர் மாறிட்டாருன்னு போட்டு அழிச்சிருக்கு? மாமாவோட சுகர் டாக்டரா? புதன்கிழமை போகணும்லா

[6:13] மணி மாமா: பைப்பர்னா வெள்ளைக்காரரா? ஃபீஸ் ஏத்திருவாரே

[6:20] செல்வி மதினி: 😂😂 அம்மா, அது டிவி சீரியல். டாக்டர் ஹூ. முருகேசன் மாமா வீட்ல எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. கார்த்திக்கும் ஒட்டிக்கிச்சு

[6:22] பிரேமா அத்தை: சீரியலா? எந்த சேனல்ல?

[6:25] கார்த்தி: பிபிசி அத்தை. 1963 நவம்பர் 23 சனிக்கிழமை ஆரம்பிச்சது. கென்னடியைச் சுட்டதுக்கு மறுநாள். ஊரே அந்தச் செய்தியில இருந்ததால முதல் எபிசோடை நிறைய பேர் கவனிக்கல. அடுத்த வாரம் அதையே திரும்பப் போட்டுட்டுத்தான் ரெண்டாவதைப் போட்டாங்க

[6:27] பிரேமா அத்தை: 63லயா! நான் ஒண்ணாப்பு. அப்ப ஹீரோவுக்கு இப்ப என்ன வயசு?

[6:28] கார்த்தி: அதுலதான் விஷயமே இருக்கு. டாக்டர் மனுஷன் கிடையாது, வேற கிரகத்துக்காரர். டார்டிஸ்னு ஒரு நீலப் பெட்டியில காலத்துல முன்னாடியும் பின்னாடியும் போவாரு. வெளியில பாத்தா லண்டன் தெருவுல அந்தக் காலத்துல இருந்த போலீஸ் பூத், உள்ள போனா அரண்மனை. சாகுற நிலைமை வந்தா உடம்பு மொத்தமும் புதுசா மாறிடும். முகம் வேற, குரல் வேற, குணம்கூட கொஞ்சம் வேற. ஆனா ஆள் அதே ஆள்

[6:30] செல்வி மதினி: அம்மா, நம்ம சீரியல்ல திடீர்னு ஆள் மாறும்போது கீழ ஒரு வரி ஓடுமே, "இவருக்குப் பதில் இவர்"னு. அதேதான். இவங்க அதையே கதையாக்கிட்டாங்க

[6:31] பிரேமா அத்தை: அறுபது வருஷமாவா?? 😂

[6:34] கார்த்தி: ஆமா 😂 முதல் டாக்டரா நடிச்ச வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாம போச்சு. வசனம் மறக்க ஆரம்பிச்சிட்டாரு. தொடர் நல்லா ஓடிட்டு இருக்கு, நிறுத்த மனசில்ல. அப்ப யோசிச்சதுதான் இது. 1966 அக்டோபர்ல தரையில விழுந்தாரு, எந்திரிச்சது பேட்ரிக் ட்ரௌட்டன்

[6:36] மணி மாமா: நம்ம ஊர்னா மருமக தலையில தேங்கா விழுந்து பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணுனாங்கன்னு முடிச்சிருப்பான்

[6:40] பிரேமா அத்தை: எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாமோ?

[6:41] கார்த்தி: 12 தடவைதான்னு 1976ல ஒரு கதையில சொல்லித் தொலைச்சிட்டாங்க. அப்ப யாரு நினைச்சா இவ்வளவு காலம் ஓடும்னு. 2013ல கணக்கு தீந்து போச்சு. அப்புறம் அவர் கிரகத்துக்காரங்களே இன்னொரு சுற்று குடுத்துட்டாங்க

[6:42] மணி மாமா: ரேஷன் கார்டு புதுப்பிச்ச மாதிரி 👍

(கார்த்தி போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.)

[9:15] கார்த்தி: பாத்துட்டேன். எனக்குப் பிடிக்கல

[9:16] கார்த்தி: இதுவரை டாக்டரா இருந்த ந்சூட்டி கட்வா எவ்வளவு நல்லா பண்ணினாரு! ருவாண்டாவில பிறந்து ஸ்காட்லாந்தில வளர்ந்த மனுஷன், வாயெல்லாம் சிரிப்பா வந்தாரு. ரெண்டே சீசன். கடைசியில முகம் மாறும்போது வர்ற தங்க வெளிச்சம் அடங்கினதும் ரோஸ் முகம்! 2005ல டாக்டர் கூடவே சுத்தின பொண்ணு அத்தை, அந்த நடிகைதான் பில்லி பைப்பர். அடுத்த சீசன் வருமான்னே யாரும் சொல்லல. பழைய ஆளைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிற வேலைன்னு படுது

[11:40] நிலா: இப்பதான் எழுந்தேன். அண்ணா, எண்டு கிரெடிட்ஸ் பாத்தீங்களா? "பில்லி பைப்பர் அறிமுகம்"னு மட்டும் இருக்கு. டாக்டராகன்னு போடல!! எப்பவும் போடுவாங்க

[11:42] கார்த்தி: பாத்தேன். அப்ப யாரு அது?

[11:42] நிலா: அதான் தெரியல 😭

[11:50] முருகேசன் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். கார்த்தி, ரொம்பக் கொதிக்காத. முகம் திரும்பி வர்றது இங்க புதுசா என்ன? காலின் பேக்கர் 83ல காவல்காரனா வந்து டாக்டரையே சுட்டாரு, மறுவருஷம் அவரே டாக்டர். பீட்டர் கபால்டி 2008ல பொம்பெயி நகரத்து ரோமானியனா வந்தாரு. எரிமலை வெடிக்கும்போது டாக்டர் அந்த ஒரு குடும்பத்தை மட்டும் காப்பாத்துவாரு. அஞ்சு வருஷம் கழிச்சு அதே கபால்டி டாக்டர். ஏன் இந்த முகம்னு 2015ல அவருக்கே பிடிபடுது. ஒருத்தரையாவது காப்பாத்துன்னு தனக்குத் தானே ஞாபகப்படுத்திக்கத்தான் அந்த முகத்தை எடுத்திருக்காரு. பைப்பருக்கும் ஒரு காரணம் எழுதுவாங்க, பொறு

[11:52] கார்த்தி: எழுத ஆள் இருந்தா சரி சித்தப்பா

[11:53] முருகேசன் சித்தப்பா: 89ல நிறுத்தினப்பவும் இப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. 16 வருஷம். நடுவுல 96ல ஒரே ஒரு டிவி படம். 2005ல எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் திரும்பக் கொண்டு வந்தாரு, அதுவும் நாங்க இருக்க கார்டிஃப் ஊர்ல வச்சு. சனிக்கிழமை டியூட்டி முடிஞ்சு வந்தா தெருவை அடைச்சு லண்டன் மாதிரி ஆக்கி வச்சிருப்பான். கார் நிறுத்த இடம் கிடைக்காது. அப்படித்தான் எனக்கு இந்தத் தொடர் அறிமுகம் 😄

[11:55] செல்வி மதினி: அந்த நர்ஸா வர்ற பொண்ணு மலையாளமா? பேரு வரதான்னு பாத்தேன்

[11:55] நிலா: ஆமா மதினி, வரதா சேது. கேரளாவில பிறந்தவங்க. அப்பாவுக்கு ஒரே பெருமை. ஆஸ்பத்திரில எல்லா மலையாளி நர்ஸ்கிட்டயும் சொல்லிட்டாரு

[11:57] முருகேசன் சித்தப்பா: நம்மாளு பெருமை அதுக்கும் முந்தியே இருக்கு. 63ல முதல் கதையை டைரக்ட் பண்ணினது லக்னோவில பிறந்த வாரிஸ் ஹுசேன், அப்ப 24 வயசு. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், 27 வயசுப் பொண்ணு. பிபிசி பெருசுங்க நடுவுல ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க

[12:05] நிலா: அத்தைக்கு ஒரு நல்ல கிசுகிசு. ஐந்தாவது டாக்டர் பீட்டர் டேவிசன். அவர் பொண்ணு ஜார்ஜியா 2008ல ஒரு எபிசோட்ல நடிச்சாங்க. யாரா? பத்தாவது டாக்டரோட பொண்ணா! பத்தாவது டாக்டர் டேவிட் டென்னன்ட். அப்புறம் நிஜத்துல டென்னன்ட்டையே கல்யாணம் பண்ணிட்டாங்க

[12:06] பிரேமா அத்தை: இரு இரு. டாக்டர் மகளா பிறந்து, டாக்டருக்கு மகளா நடிச்சு, டாக்டருக்கே வாக்கப்பட்டாளா? அஞ்சாவதும் பத்தாவதும் ஒரே ஆளுன்னுலா சொன்னிய? அப்ப மாமனாரும் மருமகனும் ஒரே ஆளு. முறை எப்படிலே வரும் 🤦‍♀️

[12:07] மணி மாமா: மொய் எழுத ஒரே கவர் போதும்

[12:30] பிரேமா அத்தை: காலையில இருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதான் எழுதுதேன். இது நம்ம திருமூலர் கதைலா. கூடுவிட்டுக் கூடு பாய்தல். சுந்தரநாதர்னு ஒரு யோகி, அகத்தியரப் பாக்க நம்ம பொதிகை மலைக்குத்தான் கிளம்பி வாராரு. வழியில திருவாவடுதுறை பக்கம், காவிரிக் கரையில மூலன்னு ஒரு இடையன் செத்துக் கிடக்கான். மாடெல்லாம் அவனச் சுத்தி நின்னு கதறுது. யோகிக்குப் பொறுக்கல. தன் உடம்ப ஒரு ஓரமா மறைச்சு வச்சிட்டு அவன் உடம்புக்குள்ள போயிட்டாரு. மூலன் எந்திரிச்சான், மாடுகளுக்குச் சந்தோஷம்

[12:33] கார்த்தி: அத்தை 👏 இதைக் கேட்டிருக்கேன், ஆனா டாக்டரோட சேத்து யோசிச்சதே இல்ல

[12:38] பிரேமா அத்தை: முழுசாக் கேளு. சாயங்காலம் மாடுக வீட்டுக்குப் போயிட்டு. மூலன் பொண்டாட்டி, என்ன இன்னும் ஆளக் காணலன்னு தேடி வாரா. அவரு தள்ளி நின்னுக்கிட்டு, எனக்கும் உனக்கும் ஒரு உறவும் இல்லன்னுட்டாரு. முகம் அவ புருசன் முகம், உள்ள இருக்க ஆளு வேற. ராத்திரி பூரா தூங்காம, மறுநாள் ஊர்ப் பெரியவங்ககிட்டப் போயி அழுதா. ஸ்கூல்ல பெரிய புராணம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவளத்தான் பாவமா இருக்கும். சேக்கிழார் நாலஞ்சு பாட்டுல அவளக் கடந்து போயிருவாரு

[12:40] பிரேமா அத்தை: உங்க டாக்டர் கதையில இது தலைகீழ். உள்ள அதே ஆளு, முகம்தான் வேற. அப்பவும் கூட இருக்கவ அழத்தான செய்வா?

[12:41] நிலா: அழுவா அத்தை!! 2005 கிறிஸ்துமஸ்ல ரோஸ் அப்படித்தான். முகம் மாறின டாக்டரைப் பாத்து, இவர்தான் என் டாக்டர்னு நம்பவே மாட்டா

[12:43] கார்த்தி: இப்ப அந்த ரோஸ் முகமே டாக்டர் மேல வந்து உக்காந்திருக்கு. சரி, அத்தை சொன்னப்புறம் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கு. கொஞ்சம்தான்

[12:44] மணி மாமா: திருமூலர் பிறகு 3000 வருஷம் இருந்து வருஷத்துக்கு ஒரு பாட்டு எழுதினாரு. நீங்க அறுபது வருஷத்துக்கே பீத்துதிய

[12:44] செல்வி மதினி: வருஷத்துக்கு ஒரு எபிசோட் 😂 அப்பா சூப்பர்

[1:10] வருண்: கார்த்தி மாமா நான் பாக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்க? 63ல இருந்தா?

[1:10] செல்வி மதினி: நாளைக்கு ஸ்கூல் திறக்கு. பத்தாம் கிளாஸ். நோட்டுக்கு அட்டை போட்டாச்சா?

[1:14] முருகேசன் சித்தப்பா: 63ல இருந்து முழுசாப் பாக்க யாராலயும் முடியாது வருண். முதல் ஆறு வருஷத்துல 253 எபிசோட். பிபிசி அதுல பாதிக்கு மேல அழிச்சிட்டான். அப்ப வீடியோ டேப் யானை விலை. நடிகர் சங்க ஒப்பந்தப்படி இஷ்டத்துக்கு மறுஒளிபரப்பும் பண்ண முடியாது. வீட்ல போட்டுப் பாக்கிற காலம் வரும்னு எவனும் நினைக்கல. அழிச்சு, அதே டேப்ல வேற எடுத்தான். நல்ல வேளை, வெளிநாட்டு ஸ்டேஷனுக்கு விக்க ஃபிலிம் பிரிண்ட் போட்டிருந்தாங்க. 2013ல நைஜீரியாவில ஜோஸ்னு ஒரு ஊர் டிவி ஸ்டேஷன்ல இருந்து ஒன்பது எபிசோட் கிடைச்சுது. அதுக்கு அப்புறமும் 97 இல்ல

[1:16] முருகேசன் சித்தப்பா: அந்த முதல் முகமாற்றம் வர்ற எபிசோடே கிடையாது. மாறுற காட்சியை ப்ளூ பீட்டர்னு ஒரு சிறுவர் நிகழ்ச்சியில காட்டினாங்க, அதனால அந்தத் துண்டு மட்டும் தப்பிச்சுது. ஆனா சத்தம் மட்டும் எல்லா எபிசோடுக்கும் இருக்கு. எப்படி? அந்தக் காலத்து ரசிகருங்க டிவி முன்னாடி டேப் ரெக்கார்டரை வச்சு, மைக்கைப் பிடிச்சுப் பதிவு பண்ணி வச்சாங்க. அதை வச்சுத்தான் இப்ப கார்ட்டூனாத் திரும்ப எடுக்கான்

[1:18] செல்வி மதினி: அழிச்சு அதே டேப்ல வேற எடுத்தானா? எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. யாரு கல்யாண கேசட் மேல யாரோ கிரிக்கெட் எடுத்தாங்களே அம்மா

[1:19] பிரேமா அத்தை: 1996. உலகக் கோப்பை. பெங்களூர் மேட்ச். என் தாலி கட்டுக்கு நடுவுல அஜய் ஜடேஜா வந்து வக்கார் யூனிஸ அடிப்பான்

[1:20] மணி மாமா: அது முக்கியமான மேட்ச்

[1:20] முருகேசன் சித்தப்பா: அத்தான் 😂😂 பிபிசில வேலைக்குச் சேந்திருக்கலாம் நீங்க

[1:21] பிரேமா அத்தை: பிபிசிக்காவது நைஜீரியா இருந்து

[1:30] கார்த்தி: வருண், 2005ல இருந்து ஆரம்பி. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு பாத்து ருசி பாக்கணும்னா 2007ல வந்த "பிளிங்க்". அதுல டாக்டரே கொஞ்ச நேரம்தான் வருவாரு. எதுவும் தெரியாமப் பாக்கலாம். சிலைங்கதான் வில்லன். நீ பாக்கிற வரைக்கும் கல்லு. கண்ணைச் சிமிட்டினா பக்கத்துல வந்துரும்

[1:32] நிலா: அந்தச் சிலையெல்லாம் நடிகைங்க! மேக்கப் போட்டு அசையாம நிப்பாங்க. படத்துல அது நகர்றதை நாம ஒரு தடவைகூட பாக்க மாட்டோம். எங்க பக்கத்து ஊர் நியூபோர்ட்ல ஒரு பழைய வீட்ல எடுத்தது

[1:33] செல்வி மதினி: அட்டை போட்டுட்டுப் பாரு. ஒண்ணுதான்

[1:35] பிரேமா அத்தை: நானும் கூட உக்காந்து பாக்கேன். எழுத்து ஓடுமா கீழ?

[1:36] வருண்: இங்கிலீஷ்ல ஓடும் ஆச்சி, நான் சொல்லிக்கிட்டே வாரேன்

[மாலை 4:50] கார்த்தி: என்ன, பாத்தாச்சா?

[5:20] வருண்: செம்ம மாமா!!! அடுத்தது எது? ஆச்சி பேசவே இல்ல. தலகாணிய கட்டிப் பிடிச்சுக்கிட்டே பாத்தாங்க

[5:21] செல்வி மதினி: அடுத்தது கணக்குப் புத்தகம்

[இரவு 8:55] பிரேமா அத்தை: ஏலே கார்த்தி, நல்லா இருப்பியாலே நீ. அடுத்த வாரம் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போறதா இருந்தோம். அங்க ஒவ்வொரு தூண்லயும் ஆள் உசரத்துக்குச் சிலை நிக்கும். குறவன், குறத்தி, வீரபத்திரன்னு நகமும் நரம்பும்கூடத் தெரியும். நாப்பது வருஷமா பிள்ளைகள டூர் கூட்டிட்டுப் போயி, உயிர் இருக்க மாதிரியே இருக்கு பாருங்கன்னு சொல்லியிருக்கேன் 😒

[8:57] நிலா: அத்தை, ஒரு கண்ணை மட்டும் மாத்தி மாத்திச் சிமிட்டுங்க. சேஃப்

[8:58] முருகேசன் சித்தப்பா: அக்கா, குறத்தி உன் முன்னாள் மாணவின்னு சொல்லிரு, ஒண்ணும் செய்யாது

[9:30] மணி மாமா: மொட்டை மாடி மோட்டார அணைக்கப் போகணும். தனியாப் போகாதீயங்கா. சரி கூட வான்னா அதுக்கும் மாட்டேங்கா. தொட்டி நிறைஞ்சு வழியுது. கார்த்தி, தண்ணி பில்லு உனக்கு அனுப்புதேன்