மதவியல், இறையியல் பி.எச்டி. விண்ணப்பித்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்?

பதிவு 1

எஸ்.ஓ.பி. என்ற நோக்க அறிக்கை, சிபாரிசுக் கடிதம், ரைட்டிங் சாம்பிளாக அனுப்பும் கட்டுரை, இந்தப் பாடெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். செமினரியில் எம்.டிவ். (சபை ஊழியத்துக்கான முதுகலை இறையியல் பட்டம்) முடித்தவள் நான். அமெரிக்காவில் ஒரு மதவியல் துறையில் ஷார்ட்லிஸ்ட் ஆனேன். வீடியோவில் நேர்காணல், எதிரே மூன்று பேராசிரியர்கள். இருவர் என் தலைப்பைப் பற்றி, அதாவது பைபிளில் உள்ள புலம்பல் சங்கீதங்களைப் பற்றி, அக்கறையாகக் கேட்டார்கள். மூன்றாமவர் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் என் கட்டுரையின் ஒரு தாளை எடுத்துக் கேமரா முன் பிடித்தார். பக்கம் முழுக்க ஒரே ஒரு பென்சில் வட்டம். நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ‘வீ’ (we) என்ற சொல்லைச் சுற்றி.

“இது யார்?” என்றார்.

“ஆய்வாளர்கள்” என்றேன். உடனே “இல்லை, வாசகர்கள்” என்றேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டார். பிப்ரவரியில் ரிஜெக்ட் மின்னஞ்சல் வந்தது. அதுகூட ஆறிவிட்டது, அந்த வட்டம்தான் கண்ணை விட்டுப் போகவில்லை. என் விசுவாசத்தைத்தான் அவர் குறையாகப் பார்த்தாரா?

பதிவு 2

சகோதரி, எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதவியல் துறையில் அது நியாயமான கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக் கூடாது என்றது. மதத்தைப் பற்றிப் பாடமாகக் கற்பிப்பதைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் மதவியல் துறைகள் பெருகின. ‘மதத்தைப் போதிப்பது வேறு, மதத்தைப் பற்றிப் போதிப்பது வேறு’ என்பதுதான் அந்தத் துறைகளின் அஸ்திவாரமே. நீங்கள் எந்தப் பக்கம் நின்று பேசுகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது நேர்மாறு. ஜெர்மனியில் ஒரு இறையியல் புலத்தில் முனைவர் பட்டத்துக்கு முயன்றேன். அங்கே கத்தோலிக்கப் புலம் தனி, புராட்டஸ்டண்ட் புலம் தனி. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றுக்கும் சான்று கேட்டார்கள், தயாராகவே இருந்தேன். அடுத்து திருச்சபை உறுப்பினர் சான்று. நான் சபையை விட்டு விலகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மூடிவிட்டேன்.

பதிவு 3

என் கதை சின்னது. ஒரே ஒரு பேராசிரியரை நம்பி விண்ணப்பித்தேன். “நான் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விண்ணப்பக் கட்டணம் கட்டி நான்கு நாள் கழித்து.

அதனால் சொல்கிறேன். முதலில், நீங்கள் சேர நினைக்கும் பேராசிரியர் இந்த வருடம் மாணவர்களை எடுக்கிறாரா என்று செப்டம்பரிலேயே எழுதிக் கேளுங்கள். அமெரிக்க மதவியல் கழகமும் விவிலிய இலக்கியச் சங்கமும் நவம்பரில் ஆண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தே நடத்துகின்றன. போக முடிந்தால் அங்கேயே நேரில் பேசலாம். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பர், ஜனவரியில் வரும். சிபாரிசுக் கடிதம் கொடுப்பவருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். மூல மொழியோடு ஜெர்மனோ பிரெஞ்சோ படித்துப் புரியும் அளவுக்கு இருக்கட்டும்; அதை ‘இனிமேல் கற்பேன்’ என்று எழுதினால் எடுபடாது. பிரிட்டன் என்றால் கதையே வேறு, அங்கே ஆய்வுத் திட்டமும் வழிகாட்டியும்தான் முக்கியம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் பதறி உடனே ‘சரி’ சொல்லாதீர்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்க விடுவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. முக்கியமாக, எஸ்.ஓ.பி.யில் ஊழியம், அழைப்பு, சாட்சி என்று உங்கள் விசுவாசத்தைப் பற்றி எதுவும் வேண்டாம். மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

பதிவு 4

அண்ணா, அந்தக் கடைசி யோசனையை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். நான் கேட்டேன். எட்டு வருடம் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக வேலை பார்த்தவன். மரணப் படுக்கையில் நடக்கும் சடங்குகளைத்தான் ஆராய நினைத்தேன். எஸ்.ஓ.பி.யில் அந்த எட்டு வருடத்தை ஒரு வரி விடாமல் எடுத்துவிட்டேன். நேர்காணலில் ஒரு அம்மா என் சி.வி.யைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இவ்வளவு காலம் அந்த அறைகளுக்குள் இருந்திருக்கிறீர்களே, அது ஏன் இதில் இல்லை?” அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதிவு 1 (மீண்டும்)

எல்லாருக்கும் நன்றி. பதிவு 2 சொன்னதை முதலில் ஏற்க மனம் வரவில்லை. அப்புறம் நேற்று ராத்திரி கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ‘வீ’க்கும் பக்கத்தில் தமிழில் எழுதிப் பார்த்தேன், நாமா நாங்களா என்று. மொத்தம் 17 இடம். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. ஐந்து இடத்தில் ‘நாம்’ தயங்காமல் வந்தது. அங்கே நானும் வாசிப்பவரும் ஒன்றாக ஒரு பாடலைப் படிக்கிறோம். ஒன்பது இடத்தில் ‘நாங்கள்’. அது என் சபை. எதிரே உட்கார்ந்திருந்த மூவரும் அதற்குள் இல்லை.

மீதி மூன்று இடத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. அவர் வட்டமிட்டது அந்த மூன்றில் ஒன்று.