வலைத்தள விருதுக்கு விண்ணப்பித்த அனுபவம்: நெல்லைப் பக்கத்துக்காரர்கள் எழுதுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

நம்ம பகுதியில் தளம் நடத்துகிறவர்கள் யாராவது விருதுக்குப் போயிருந்தால் நடந்ததை எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற சில குடும்பங்களுக்குத் தளம் செய்து கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியதால் 'அவ்வ்வார்ட்ஸ்' (Awwwards) என்கிற வலைத்தள வடிவமைப்பு விருதுப் போட்டிக்கு அனுப்ப உட்கார்ந்தேன். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று படித்தேன். வடிவமைப்புக்கு 40 சதவீதம், பயன்படுத்தும் எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. அந்தப் பத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் ஆறு மாதம் உழைத்தது முழுக்க அந்தப் பத்துக்குள்தான் இருந்தது. கோரையைக் காயவைப்பது, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவது, ஊறியதை மெல்லிசாகக் கிழிப்பது என்று ஒவ்வொன்றையும் நெய்கிறவர்கள் வாயாலேயே கேட்டு எழுதியிருந்தேன்.

சரி, மீதித் தொண்ணூறில் எப்படி இருக்கிறோம் என்று பார்த்துவிடலாம் என்று பத்தமடைக்கே போனேன். நெய்கிற அக்கா ஒருவரிடம் அவருடைய போனிலேயே தளத்தைத் திறக்கச் சொன்னேன். மூலையில் கீறல் விழுந்த சின்னப் போன், சிக்னல் இரண்டு கோடு. வெறும் வெள்ளைத் திரை நின்றது. அப்புறம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாயின் கரை இறங்கியது. தறியை விட்டு எழுந்திருக்காமலே அக்கா சொன்னார்: "தம்பி, இது வாரதுக்குள்ள நான் நாலு கோரை கோத்துருவேன் போலுக்கே."

அந்த ஒரு படம் மட்டும் 6 எம்பி. அன்று ராத்திரியே எல்லாப் படங்களையும் அளவு குறைவான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் 150 கேபிக்குள் கொண்டுவந்தேன். சந்தன நிறப் பின்னணியில் சாம்பல் எழுத்து வைத்திருந்தேன், பார்க்க அழகுதான். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது, பார்வைக் குறை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான அணுகல் விதி. என் தளம் அதில் தேறவில்லை. படங்களுக்கான மாற்று உரையில், அதாவது பார்வையற்றவர்களுக்குப் படத்துக்குப் பதிலாகக் கருவி வாசித்துக் காட்டுகிற வரியில், எல்லா இடத்திலும் 'பாய்' என்று மட்டும் போட்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் விட்டது எனக்கு மிகவும் உறுத்தியது. இப்போது 'சிவப்புக் கரை, நடுவில் மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் அந்தப் போட்டிக்கு அனுப்பவில்லை. ஐ.நா. தகவல் சமுதாய உச்சி மாநாட்டை ஒட்டி 2003இல் தொடங்கிய உலக உச்சி விருது, உள்ளூர் உள்ளடக்கம் மக்களுக்கு எந்த விதத்தில் உதவுகிறது என்று பார்க்கிறது. எங்கள் தளத்துக்கு அதுதான் பொருத்தம். நம் நாட்டுக்கான நிபுணர் முன்மொழிந்தால்தான் அடுத்த கட்டம். அந்தத் தடவை எங்களுக்கு அது அமையவில்லை, மறுபடி முயல்வேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. மரச்சொப்பு விற்கத் தளம் வைத்திருக்கிறேன். ஒருநாள் 'உங்கள் தளம் இந்த ஆண்டின் சிறந்த கைவினைத் தளமாகத் தேர்வாகியிருக்கிறது' என்று மெயில் வந்தது. நான் எங்கேயும் விண்ணப்பிக்கவே இல்லை. அப்பாவிடம் காட்டினேன். கடைந்துகொண்டிருந்த சொப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அடுத்த மெயிலில் கோப்பைக்கும் சான்றிதழுக்கும் என்று பெரிய தொகை கேட்டார்கள். நடுவர்கள் யார், போன வருஷம் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதிலே இல்லை. அப்பா அதற்குள் பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டார். அதுதான் இன்னமும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு இடத்தில் பணம் வேண்டாம், எங்கள் பதக்கப் படத்தை முகப்பில் போட்டு எங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும் என்றார்கள். நம் தளத்தை வைத்துத் தங்கள் பெயரைக் கூகுள் தேடலில் ஏற்றிக்கொள்கிற வேலை அது. வேண்டாம் என்றுவிட்டேன்.

தென்காசியிலிருந்து:

நான் பழைய ஆள். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் குற்றால அருவி பற்றிப் பக்கம் வைத்திருந்த காலத்தில், தனி ஆட்களே நடத்துகிற விருதுத் தளங்கள் நிறைய இருந்தன. நாமே விண்ணப்பிக்க வேண்டும். பிடித்திருந்தால் மினுங்குகிற ஒரு பதக்கப் படம் அனுப்புவார்கள். பைசா செலவில்லை. ஒருவர் மறுத்துவிட்டு, எந்தப் பக்கத்தில் எந்த இணைப்பு அறுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பியிருந்தார். முகம் தெரியாத ஒரு மனிதர் என் பக்கத்துக்காக அவ்வளவு நேரம் செலவழித்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. 2009இல் ஜியோசிட்டீஸை மூடியபோது என் பக்கமும் அதோடு போய்விட்டது.

வெபி (Webby) என்கிற சர்வதேச இணைய விருதை நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு பிரிவிலும் நடுவர்கள் தருவது ஒன்று, மக்கள் வாக்கில் வருவது ஒன்று என இரண்டு பரிசு. கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். கெடு நெருங்க நெருங்க ஏறும். போவதென்றால் முதல் கெடுவுக்குள் போங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அம்பைத் தம்பி, நடுவர் யார் என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. அப்பாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் தளத்தை இப்போதுதான் திறந்தேன். அம்மி, ஆட்டுக்கல் சொப்புப் படங்கள் வர ரொம்ப நேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்பைக்கு வருகிறேன். அப்பா போனிலேயே திறந்து பார்த்து ஒவ்வொன்றாகக் குறைத்துவிடுவோம்.