இலவச விபிஎன்னை நம்பலாமா?

அலைவரிசை:
தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, அழைப்பு மட்டும் இணைவதில்லை. அறையில் இருப்பவர்கள் இலவச விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொருவர் சர்வர் வழியே அனுப்பும் செயலி) ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "இனி யாராலும் எதையும் பார்க்க முடியாது" என்கிறான். உண்மையா? காசு கட்டி வாங்க அவன் சம்பளம் இடம் கொடுக்காது.

தென்றல்77:
முதலில் சட்டத்தைப் பாருங்கள். அமீரகத்தில் குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் போட்டால் அபராதமே 5 லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது. போட்டிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகள் உண்டு, அதில் பேசச் சொல்லுங்கள்.

நடுநிசி:
யாராலும் பார்க்க முடியாது என்பது தவறு. விபிஎன் இல்லாதபோது நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். விபிஎன் போட்டதும் அது விபிஎன் நடத்துகிறவருக்குத் தெரியும். பார்க்கிற ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். ஓனாவோ புரொடெக்ட் என்று ஓர் இலவச விபிஎன் இருந்தது. 2013-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கியது. பயனர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்ற விவரம் அதன் வழியே ஃபேஸ்புக்குக்குப் போனது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதைப் பயனர்களிடம் தெளிவாகச் சொல்லாததற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

உங்கள் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உகாண்டாவில் 2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டார்கள். அதைத் தவிர்க்க நிறையப் பேர் விபிஎன்னுக்குத்தான் ஓடினார்கள். வசதி உள்ளவர் வரியைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். இல்லாதவர் தன் அந்தரங்கத்தை முகம் தெரியாத ஒருவரிடம் அடகு வைத்துத்தான் நாலு பேரிடம் பேச முடியும். இதை எப்படி நியாயம் என்பது? 2021 ஜனவரித் தேர்தலின்போது இணையத்தையே நிறுத்தினார்கள். விபிஎன்னும் கைகொடுக்கவில்லை, அது ஓடுவதற்கே இணையம் வேண்டுமே. அதே ஆண்டு ஜூலையில் பழைய வரியை எடுத்துவிட்டு டேட்டா மீது 12 சதவீதம் வைத்தார்கள். சுமை இறங்கவில்லை, இடம் மாறியது.

அலைவரிசை:
நன்றி சகோ. வங்கிச் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

நடுநிசி:
வங்கிச் செயலி அனுப்புவது பிறர் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் ஆகித்தான் போகும். எந்த வங்கி என்று வேண்டுமானால் விபிஎன்காரர் கண்டுபிடிக்கலாம், கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. பயப்பட வேண்டியது அனுமதிகளுக்கு. செட்டிங்ஸில் அந்த விபிஎன்னைத் திறந்து பாருங்கள். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கியிருந்தால் இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள், ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்தால் அதையும் படித்துவிடும். போனில் ஏதாவது சான்றிதழ் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று போனுக்குச் சொல்லும் கோப்பு) நிறுவச் சொல்லிக் கேட்டிருந்ததா என்பதையும் விசாரியுங்கள். அது இருந்தால் உள்ளே போவதையும் படிக்க வழி கிடைக்கலாம்.