பிரின்ஸ்டன் போர்க்களத்தில் செவலையுடன்

நியூ ஜெர்சியில் நாய் வளர்க்கும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரிக்கரைகளையும் கால்வாய்ப் பாதையையுமே நாடுகின்றன. பிரின்ஸ்டன் நகரின் ஓரத்தில், மெர்சர் சாலையின் இரு பக்கமும் கிடக்கும் போர்க்கள மாநிலப் பூங்காவைக் காரில் கடந்து போனவர்கள் நம்மில் பலர் உண்டு; இறங்கி நடந்தவர்கள் மிகக் குறைவு. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை மர வீடு, ஒரு புல்வெளி, எதிர்ப்புறத்தில் நான்கு தூண்கள் என்பதற்கு மேல் அங்கு எதுவும் தெரிவதில்லை. காப்பகத்திலிருந்து நாங்கள் எடுத்து வளர்க்கும் செவலையுடன் நானும் என் மனைவியும் சில ஆண்டுகளாக அங்கு நடந்து வருகிறோம். வரலாற்று இடங்களுக்கு நாயை அழைத்துச் செல்லலாமா என்று தயங்குபவர்களுக்காக, அங்கு கண்டதையும் அங்கு சந்தித்தவர்கள் சொன்னதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த நிலத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நடந்தால் புல்வெளி வெறும் புல்வெளியாகவே இருக்கும். பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கர்கள் நடத்திய விடுதலைப் போரின்போது, 1777 ஜனவரி 2 அன்று மாலை, டிரெண்டன் நகரில் அசன்பிங்க் ஓடையின் ஒரு கரையில் வாஷிங்டனின் அமெரிக்கப் படையும் மறுகரையில் கார்ன்வாலிஸின் பிரிட்டிஷ் படையும் நின்றன. விடிந்ததும் வாஷிங்டனை முடித்துவிடலாம் என்று கார்ன்வாலிஸ் காத்திருந்தார். வாஷிங்டனோ முகாம் நெருப்புகளை எரியவிட்டுவிட்டு, பீரங்கி வண்டிகளின் சக்கரங்களில் துணி சுற்றி, இரவோடு இரவாகப் பின்வழியாகப் பிரின்ஸ்டனை நோக்கிப் படையை நகர்த்தினார். பகலில் சேறாகக் கிடந்த பாதை அன்றிரவுக் குளிரில் இறுகிப்போனதால்தான் பீரங்கிகளை இழுத்துச் செல்ல முடிந்தது. மறுநாள் காலை, பிரின்ஸ்டனிலிருந்து டிரெண்டனுக்குப் புறப்பட்டிருந்த சார்லஸ் மாஹுட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் படை, வாஷிங்டனின் தளபதிகளில் ஒருவரான ஹியூ மெர்சரின் படைப்பிரிவை இந்தப் பண்ணை நிலத்தில் எதிர்கொண்டது. மெர்சரின் வீரர்கள் பலரிடம் துப்பாக்கி முனை ஈட்டி இல்லை. பிரிட்டிஷ் வீரர்கள் ஈட்டிமுனைகளோடு பாய்ந்தபோது அவர்கள் சிதறினார்கள். குதிரையை இழந்து தரையில் நின்ற மெர்சர் பலமுறை குத்துப்பட்டு விழுந்தார். உதவிக்கு வந்த பிலடெல்பியாப் படையினரும் பின்வாங்கத் தொடங்கிய நேரத்தில் வாஷிங்டனே குதிரையில் முன்னால் வந்து நின்று படையைத் திரட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் நிலைமை தலைகீழாக மாறியது.

இந்தக் கதையை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால், நிலத்தின் ஏற்ற இறக்கம் எனக்குப் புரிந்தது செவலையால்தான். தனியாக நடக்கும் மனிதர் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு அடுத்த பலகைக்கு நேர்கோட்டில் போவார். நாயோ பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், புதரோரம் நின்று வெகுநேரம் மோப்பம் பிடிக்கும். நாமும் அதனுடன் நிற்க வேண்டியிருக்கும். அப்படி நின்ற ஓர் இடத்தில், சாலையிலிருந்து தட்டையாகத் தெரியும் அந்தப் புல்வெளியில் எதிரே வருபவரை மறைத்துவிடும் அளவுக்கு ஒரு சரிவு இருப்பதைக் கண்டேன். இரு படைகளும் ஒன்றையொன்று எவ்வளவு தாமதமாகவும் எவ்வளவு அருகிலும் கண்டிருக்கக்கூடும் என்பது அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளை வீடு தாமஸ் கிளார்க் என்பவர் 1772 அளவில் கட்டியது. அவர் போரை ஏற்காத குவேக்கர் சமயத்தவர். ஆயினும் போர் அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இரு தரப்புக் காயம்பட்டவர்களையும் அங்கு வைத்துத்தான் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து மருத்துவம் படித்த மெர்சர் அந்த வீட்டில்தான் ஜனவரி 12 அன்று இறந்தார். கட்டடத்துக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை என்பதால், வீடு திறந்திருக்கும் நாள்களில் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே செல்வோம். மற்றவர் செவலையுடன் வெளியே மர நிழலில் இருப்போம். தனியாக வருபவர்கள் நாயைக் காரில் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டாம். மிதமான வெயிலில்கூட மூடிய காரின் வெப்பம் சில நிமிடங்களில் ஏறிவிடும்.

அப்படி நான் வெளியே காத்திருந்த ஒரு நாளில், உள்ளே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லி முடித்த வழிகாட்டி ஒருவர் வாசலுக்கு வந்து, செவலையைப் பார்த்ததும் படியிலேயே அமர்ந்துவிட்டார். “அன்றைக்கும் இங்கு நாய்கள் வந்தன, தெரியுமா?” என்று கேட்டார். மாஹுட் பழுப்பு நிறக் குட்டைக் குதிரை ஒன்றில் வந்தார் என்றும், அவருடைய இரண்டு ஸ்பானியல் நாய்கள் கூடவே துள்ளி ஓடி வந்தன என்றும் அவர் சொன்னார். பின்னர் இந்தப் போரைப் பற்றிய வரலாற்று நூல்களைப் புரட்டியபோது அந்தச் செய்தி அவற்றிலும் இருந்தது. காலைப் பயணம் என்று நினைத்து நாய்களுடன் கிளம்பிய ஒருவர், சற்று நேரத்தில் உயிருக்குப் போராட வேண்டியவரானார் என்பது என்னை வெகுவாகப் பாதித்தது. படை எண்ணிக்கையைவிட அந்த இரண்டு நாய்கள்தான் அன்றைய காலையை எனக்கு நெருக்கமாக்கின.

அதே வழிகாட்டி சொன்ன இன்னொரு செய்தியும் மனதில் நன்கு பதிந்தது. அதே 1777 அக்டோபரில், பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நடந்த போருக்குப் பிறகு, அமெரிக்க முகாமில் ஒரு நாய் வந்து சேர்ந்தது. கழுத்துப்பட்டையில் இருந்த பெயரைக் கொண்டு அது பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹோவின் நாய் என்று அறிந்த வாஷிங்டன், அக்டோபர் 6 அன்று மரியாதையான ஒரு சிறு குறிப்புடன் அதைத் திருப்பி அனுப்பினார். தோற்றுப்போன ஒரு போருக்கு இரண்டே நாள் கழித்து இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போது அவர் மீது எனக்கு இருந்த மதிப்பு கூடியது.

புல்வெளியின் நடுவே வேலியிட்ட ஓர் ஓக் மரம் நிற்கிறது. குத்துப்பட்ட மெர்சர் ஓர் ஓக் மரத்தடியில் சாய்ந்திருந்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. அந்தப் பழைய மரம் 2000 மார்ச்சில் காற்றில் விழுந்துவிட்டது. அதன் விதையிலிருந்து வளர்த்த கன்றை அதே இடத்தில் நட்டார்கள். ஒரு மாலையில் அங்கு வயதான பீகிள் நாயுடன் வந்த ஒரு முதியவர், பழைய மரத்தின் கிளைகள் எதுவரை படர்ந்திருந்தன என்பதைத் தாமே நடந்து காட்டினார். அவருடைய பீகிளுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் வேலியைச் சுற்றி வரும் வழி அதற்குப் பழகியிருந்தது. செவலை அதன் பின்னால் அமைதியாகவே நடந்தது.

எதிர்ப்புறத் தூண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குவிமாடத்தை வடிவமைத்த தாமஸ் வால்டர், பிலடெல்பியாவில் ஒரு மாளிகைக்காகச் செய்த முகப்பு அது. போருடன் அதற்குத் தொடர்பில்லை. அதைத் தாண்டிச் சென்றால்தான் உண்மையில் நிற்க வேண்டிய இடம் வருகிறது. அங்கு இருக்கும் கல்வெட்டு, இறந்த அமெரிக்க வீரர்களும் பிரிட்டிஷ் வீரர்களும் ஒன்றாகவே புதைக்கப்பட்டதைச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுடன் கோவிவன் என்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்ளரைக் கடித்ததைக் கல்வெட்டும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதை அறிந்த எனக்கு, போரில் இறந்தவர்களின் கல்லருகே நாயுடன் நிற்பது பொருந்தாத செயலாகத் தோன்றவில்லை.

ஆனால், எப்படி நிற்கிறோம் என்பது முக்கியம். ஒரு முறை, லீஷ் இல்லாமல் விடப்பட்ட பெரிய நாய் ஒன்று மான்களைத் துரத்திக்கொண்டு வந்து அந்தக் கல்லின் மேலேயே பாய்ந்து ஓடியது. மலர் வைக்க வந்திருந்த ஒரு குடும்பம் அச்சத்துடன் விலகி நின்றது. அவர்களுடைய சிறுமி அதன் பிறகு செவலையைக் கண்டும் தாயின் பின்னால் ஒளிந்தாள். நாங்கள் சற்றுத் தள்ளிச் சென்று செவலையை அமர வைத்தோம். வெகுநேரம் கழித்து அவளே வந்து, தொடலாமா என்று கேட்டாள். நியூ ஜெர்சி மாநிலப் பூங்காக்களில் ஆறு அடிக்கு மேற்படாத லீஷில் நாய் இருக்க வேண்டும் என்பது விதி. நீட்டிச் சுருக்கும் வகையை வீட்டில் விட்டுவிட்டுச் சாதாரண லீஷைக் கொண்டு வாருங்கள். அங்கு குப்பைத்தொட்டிகளை எதிர்பார்க்க வேண்டாம். நாயின் கழிவைப் பையில் கட்டி நாமேதான் எடுத்துச் செல்ல வேண்டும்.

உண்ணிகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். புல்லை உயரமாக வளரவிட்டிருக்கும் பகுதிகளிலும் காட்டோரத்திலும் மான் உண்ணிகள் இருக்கும். அவை பரப்பும் லைம் நோய் நியூ ஜெர்சியில் மிகவும் பரவலானது. மான் உண்ணி ஒட்டிய உடனேயே நோய் தொற்றிவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கும் மேல் அது ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே வீடு திரும்பியதும் நாயின் காதுமடல், அக்குள், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தடவிப் பார்த்து அகற்றினால் பெரும் ஆபத்து நீங்கிவிடும். நம் கணுக்கால்களுக்கும் இது பொருந்தும். வெட்டப்பட்ட நடைபாதையை விட்டு விலகாமல் நடப்பது இன்னும் நல்லது.

இன்னும் நடக்க விரும்புபவர்கள் கிளார்க் வீட்டுக்குப் பின்புறமாகச் சென்றால், ஐன்ஸ்டைன் பணியாற்றிய உயர் ஆய்வு நிறுவனத்தின் காட்டுப் பாதைகளை அடையலாம். வழியில் குவேக்கர்களின் பழைய கூட்ட இல்லமும் இடுகாடும் உண்டு. விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட்ட ரிச்சர்ட் ஸ்டாக்டன் அங்குதான் புதைக்கப்பட்டார். இடுகாட்டுக்குள் நாங்கள் செவலையை அழைத்துச் செல்வதில்லை; மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நடப்போம்.

ஜனவரித் தொடக்கத்தில் போரின் நினைவாக, அக்காலச் சீருடை அணிந்தவர்கள் துப்பாக்கி முழங்க அந்தச் சண்டையை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியைக் குழந்தைகளுடன் சென்று அவசியம் பாருங்கள். அன்று மட்டும் நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒடுங்கும் நாய்க்கு, திறந்த வெளியில் வரிசையாக வெடிக்கும் துப்பாக்கிகளிலிருந்து ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.