செங்கல்லை வைத்து வேறு என்ன செய்யலாம்? யோசனை சொல்லுங்கள்

ஆசிரிய நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, உளவியலாளர் கில்ஃபோர்டு வகுத்த ‘மாற்றுப் பயன்கள்’ பயிற்சியைக் கொடுத்துப் பார்க்கிறேன். செங்கல்லைக் கட்டடம் கட்டுவது தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதுதான் கேள்வி. ஒருவன் “கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்” என்கிறான். அவ்வளவுதான், அப்புறம் வருவதெல்லாம் ஜன்னலுக்கு முட்டு, மேசைக்கு முட்டு, வண்டிச் சக்கரத்துக்கு முட்டு!

பேசுவதற்கு முன் தனித்தனியாக எழுதச் சொன்னால் கொஞ்சம் பரவாயில்லை. வாயே திறக்காத ஒரு பெண் “பொடித்துக் குழைத்தால் சிவப்பு வண்ணம்” என்று எழுதியிருந்தாள். படித்துக் காட்டச் சொன்னால் தாளை மடித்துவிடுகிறாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளோ, “இது சரியான விடையா மிஸ்?” என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவையே திறக்கிறார்கள்.

40 நிமிடப் பாடவேளைக்குள், அறிவியல் பாடத்தோடு சேர்த்தே செய்யக்கூடிய செயல்பாடு ஏதாவது உங்கள் கைவசம் உண்டா? மதிப்பெண் போடாமல் எப்படிக் கருத்துச் சொல்கிறீர்கள்? கூச்சப்படும் பிள்ளைகளின் யோசனையை, அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் வகுப்பின் முன் வைப்பது எப்படி? பொதுவான அறிவுரை வேண்டாம், அது பயிற்சி வகுப்புகளிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள், சொதப்பியதாக இருந்தாலும் சரி.