ஏர் எடுத்தும் பெடல் நிற்காத கதைகள்: பழைய வண்டிக்காரர்கள் வரவும்

அஸ்தம்பட்டி பத்மினி:
இன்னும் மண்டையைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன். நாலு சக்கரமும் டிரம் பிரேக்காக வந்த கார். முன்பு வைத்திருந்தவர் ஏதோ பட்டறையில் கொடுத்து முன்னால் டிஸ்க் பிரேக் போட்டிருந்தார். பிரேக் ஆயில் மாற்றி, வாசலிலேயே ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் பைப்பில் மாட்டி அமுங்கும் காற்றை வெளியே விட்டோம். மகள் பெடலில், நான் கீழே. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்து வரிசை மாறாமல்தான் வந்தோம். காற்று வெளியேறும் நிப்பிளில் மாட்டிய டியூபில் ஒரு குமிழி வரவில்லை. பெடல் மட்டும் பொதபொதவென்று இறங்குகிறது. மறுபடி, மறுபடி. அவளுக்குக் கால் போச்சு, எனக்கு முதுகு.

பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே குனிந்து, "ஏனுங்க, நிப்பிளு கீழ பாத்துட்டு இருக்குதே. காத்து மேலதானுங்க நிக்கும்?" என்றார்.

டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்! கழற்றி நேராக மாட்டி ஏர் எடுத்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. முன்பு வைத்திருந்த மனுஷன் இதே பிரேக்கில் குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்ததாகச் சொல்லித்தான் வண்டியை விற்றார்.

சூரமங்கலத்தான்:
காலிப்பர் இருக்கட்டும். பாப்பாவைப் பெடலை அடிவரைக்கும் மிதிக்க விட்டீர்களா? என் அம்பாசிடரில் ஒரு மெக்கானிக் அப்படி மிதித்து மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தது. என் கதை அவ்வளவுதான்.

பழைய சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போகாத பகுதியில் துருவும் கசடும் உட்கார்ந்திருக்கும். அடிவரை மிதித்தால் ரப்பர் அதில் உரசிக் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். அப்புறம், டிரம் வண்டியில் முதலில் டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஷூ தள்ளி நின்றாலும் பெடல் இறங்கும், அதை ஏர் என்று நினைத்து ஆயிலை வீணடிப்பவர்கள் அதிகம். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் உரித்துவிடும்.

அடிவாரம்:
சூரமங்கலத்தாரே, கட்டை சரி. ஆயில் எத்தனை வருஷப் பழசு என்று கேட்டீர்களா? மாமாவின் ஹெரால்ட் காரில் ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். கொண்டை ஊசி மட்டும் 20. அவர் இரண்டாவது கியரைத் தொடவில்லை, எல்லாம் பிரேக்கிலேயே. பாதி மலையில் கருகிய வாடை. அடுத்த வளைவில் பெடல் சொத்தென்று தரைக்குப் போனது. மாமா பேசவே இல்லை, ஹேண்ட்பிரேக்கை இழுத்த கை மட்டும் நடுங்கியது. மலைப்பக்கக் கல்லில் டயர் தேய்த்து நின்றோம். ஆறியதும் பெடல் ஒன்றுமே நடக்காதது போல மேலே வந்தது!

எங்கேயும் ஒழுகவில்லை, ஆயில்தான் கொதித்து ஆவியாகியிருக்கிறது. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்கும். காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் 140 வரை இறங்கலாம். பட்டறையில் ஆயிலின் அளவைப் பார்த்து 'நிறைய இருக்கு சார்' என்று அனுப்பியிருந்தார்கள்.

சூரமங்கலத்தான்:
நான் கட்டை பற்றிச் சொன்னதில் என்ன தப்பு? அது வேறு, இது வேறு. இரண்டாவது கியர் போடாதவருக்கு இன்னும் சூடு தாங்கும் டாட் 4 ஊற்றினாலும் கொதிக்கும்.